நோபிதா ஏன் வராண்டாவில் நிற்கிறான்?

பூனை ரோபோ டோரேமான் வரும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடரில், அதோடு வாழும் பள்ளிப் பையன் நோபிதாவின் விடைத்தாள் வரும் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். சிவப்பு மையில் பெரிய பூஜ்யம். விடைகளுக்குப் பக்கத்தில் சில காட்சிகளில் பெருக்கல் குறி இருக்கும், சில காட்சிகளில் வரிசையாக டிக். எல்லாக் கேள்விக்கும் டிக் வாங்கிய பையனுக்கு எப்படிப் பூஜ்யம் என்று குழப்பம் வருவது இயல்புதான். படம் வரைந்தவர்கள் தவறு எதுவும் செய்யவில்லை. ஜப்பானியப் பள்ளியில் சரியான விடைக்கு ஆசிரியர் வட்டம் போடுவார், தவறுக்கு டிக் அடிப்பார். ரொம்ப நன்றாகச் செய்திருந்தால் வட்டத்தைச் சுழித்து, சுற்றிலும் இதழ்கள் வரைந்து பூவாக்கி விடுவார். அதற்கு ஹனமாரு, அதாவது பூவட்டம், என்று பெயர். வாங்கிய மதிப்பெண்ணுக்கு அடியில் இரட்டைக் கோடு இழுப்பதும் வழக்கம். நோபிதாவின் தாளில் அந்தக் கோடுகூடப் பூஜ்யத்துக்குக் கீழேதான் வரும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் மொழிமாற்றத்தில் பார்க்கும் ஜப்பானியத் தொடர்களில் கற்பனை என்று நாம் கடந்துபோகிற பள்ளிக் காட்சிகளில் பெரும்பகுதி கற்பனையே இல்லை. பூனை ரோபோவின் வயிற்றுப் பையிலிருந்து வருவதுதான் கற்பனை. வகுப்பறை, தண்டனை, வீட்டுப்பாடம், வாத்தியார் எல்லாமே அந்த நாட்டின் பள்ளி வாழ்க்கையிலிருந்து நேராக எடுத்தவை. ஆனால் எல்லாத் தொடரிலும் வாத்தியார் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் கண்டிப்பான கண்ணாடிக்காரர், இன்னொன்றில் கல்யாணக் கவலையோடு திரியும் ஆசிரியை, வேறொன்றில் அதிர்ந்து பேசாத மனிதர். இந்த வேறுபாட்டுக்குக் காரணத்தைப் பாத்திரப் படைப்பில் தேடுவதைவிட, அந்தக் கதை முதலில் எந்தப் பத்திரிகையில், யாருக்காக வந்தது என்பதில் தேடினால் சுலபமாகக் கிடைக்கும்.

டோரேமான் சித்திரக்கதையாகத் தொடங்கியது 1970 ஜனவரி இதழ்களில். இதழ் இல்லை, இதழ்கள். ஷோககுகான் நிறுவனம் வகுப்பு வாரியாகக் குழந்தைகள் பத்திரிகை நடத்தியது: மழலையருக்கு இரண்டு, பிறகு முதல் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை வகுப்புக்கு ஒன்று. இந்த ஆறிலும் ஒரே மாதத்தில் ஆறு வெவ்வேறு கதைகளோடு டோரேமான் இறங்கியது. படிப்பவர்கள் எல்லாரும் அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள். ஆகவே கதை முழுக்க மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து, கொஞ்சம் கீழிருந்து மேலே பார்க்கிற பார்வை. அங்கிருந்து வாத்தியாருடைய சம்பளமோ குடும்பமோ தெரியாது. கண்ணாடி, கோட்டு, டை, ஒரு குரல் இவ்வளவுதான் தெரியும். பெரும்பாலான கதைகளில் அவருக்குப் பெயர்கூட இல்லை, வெறும் 'சென்செய்'. ஜப்பானிய மொழியில் அது ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர் எல்லாரையும் மரியாதையாக அழைக்கும் சொல்.

இந்தத் தொடரில் ஏன் எப்போதும் ஒரே ஒரு ஆசிரியர்தான் வருகிறார் என்பதற்கும் நேரான விடை உண்டு. ஜப்பானிய ஆரம்பப் பள்ளி ஆறு ஆண்டு. அங்கே வகுப்பாசிரியரே கணக்கு, மொழி, அறிவியல், சமூகம் என்று ஏறக்குறைய எல்லாப் பாடத்தையும் எடுப்பார். பாடத்துக்கொரு ஆசிரியர் வருவது நடுநிலைப் பள்ளியில்தான். நோபிதா அனிமேஷனில் ஐந்தாம் வகுப்பு, மூலக் கதைகளில் பெரும்பாலும் நான்காம் வகுப்பு. கணக்கில் பூஜ்யம் வாங்கியதைப் பார்த்தவரும், கட்டுரையில் கோட்டை விட்டதைப் பார்த்தவரும், தாமதமாக வந்ததைப் பார்த்தவரும் ஒருவரே. தப்பிக்க இடமே இல்லை. நகைச்சுவைக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்காது.

பணக்கார சுனியோவும், மளிகைக்கடைக்காரர் மகன் ஜியானும், சாதாரணச் சம்பளக்காரர் மகன் நோபிதாவும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது. அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு எல்லை பிரித்திருப்பார்கள். எந்தத் தெருவில் வீடோ, அந்த எல்லைக்குரிய பள்ளி. பிள்ளைகள் நடந்துதான் போவார்கள். அதனால்தான் இந்தத் தொடரில் பள்ளிப் பேருந்தே வருவதில்லை. தாமதமாக எழுந்த நோபிதா தெருவில் தலைதெறிக்க ஓடுகிறான்.

இனி வராண்டாவுக்கு வருவோம்.

வீட்டுப்பாடம் செய்யவில்லை, தாமதம், வகுப்பில் தூக்கம். இந்த மூன்றில் எதுவானாலும் சென்செய் சொல்வது ஒன்றுதான்: வராண்டாவில் போய் நில். ஜப்பானியச் சித்திரக்கதைகளில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு, இரண்டு கையிலும் தண்ணீர் நிறைந்த வாளி. வாளிக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தாலே கைக்கு ஐந்து கிலோ, இரண்டு கைக்கும் பத்து. தோள் இறங்கி, முதுகு வளைந்து, கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். வாளி எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. ஜப்பானியப் பள்ளிகளில் வகுப்பறையையும் வராண்டாவையும் மாணவர்களே முறை வைத்துத் துடைப்பார்கள். வாளியும் துணியும் துடைப்பமும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

ஆனால் இந்தத் தண்டனை, காகிதத்தில், கதை தொடங்குவதற்கு இருபது ஆண்டு முன்பே செல்லாது. 1947ஆம் ஆண்டுப் பள்ளிக் கல்விச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஆசிரியர் மாணவரைக் கண்டிக்கலாம், உடல் தண்டனை மட்டும் கூடாது என்றது. எது கண்டிப்பு, எது உடல் தண்டனை என்று குழப்பம் வரவே, 1949இல் அரசுத் தரப்பிலிருந்து ஆசிரியர்களுக்கு ஒரு விளக்கக் குறிப்பு வந்தது. அதன்படி, சோம்பலாக இருந்தான், சத்தம் போட்டான் என்பதற்காக மாணவரை வகுப்புக்கு வெளியே அனுப்பக் கூடாது. வகுப்புக்குள்ளேயே நிற்க வைக்கலாம், அதுவும் உடல் வேதனை தரும் அளவுக்குப் போகாத வரைக்கும். பாடம் கேட்பது பிள்ளையின் உரிமை, தண்டனை அதைப் பறித்துவிடக் கூடாது என்பதே அடிப்படை.

அப்படியிருந்தும் நோபிதா ஏன் வெளியே நிற்கிறான்? கதையை உருவாக்கிய புஜிகோ எப். புஜியோ பிறந்தது 1933இல். அவர் ஆரம்பப் பள்ளியில் படித்தது போர்க்காலத்தில், இந்தச் சட்டமெல்லாம் வருவதற்கு முன்பு. 1970இன் வகுப்பறையில் அவர் நிறுத்தி வைத்தது தன் தலைமுறையின் பள்ளியை என்று கொள்வதே பொருத்தம். சட்டம் வந்த பிறகும் பழக்கம் பல பள்ளிகளில் நீடித்தது. வாசகர்களுக்கும் அது அந்நியமாகப் படவில்லை.

கதை சொல்லும் வசதி இன்னொரு காரணம். 1979 ஏப்ரலில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபோது திங்கள் முதல் சனி வரை தினமும் பத்து நிமிடம்தான் ஒளிபரப்பு. முகப்புப் பாடலும் விளம்பரமும் போக மிஞ்சுவதில் ஒரு முழுக் கதை சொல்லி முடிக்க வேண்டும். நோபிதாவுக்கு என்ன பிரச்சினை என்று விளக்கிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. மூடிய கதவு, வெறிச்சோடிய வராண்டா, தலை குனிந்த பையன். இந்த ஒரு காட்சி வந்துவிட்டால் மூன்று வயதுக் குழந்தைக்கும் நிலைமை புரிந்துவிடும். சென்செய் வில்லன் இல்லை. அவர் கதையின் சாவி. அவர் திருகினால்தான் நோபிதா அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடுவான், டோரேமான் பையில் கை விடும்.

அந்தப் பையிலிருந்து வரும் பள்ளிக் கருவிகளும் கடைசியில் பள்ளியின் நியாயத்துக்குத்தான் கட்டுப்படுகின்றன. மனப்பாட ரொட்டி இருக்கிறதே, அதைப் பாடப் பக்கத்தின் மேல் அழுத்தினால் எழுத்து ரொட்டியில் பதியும். தின்றால் மூளையில் பதியும். பரீட்சைக்கு முன்பு ஏற்கெனவே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்ட நோபிதா அதற்கு மேல் துண்டு துண்டாக அடைத்துக்கொள்கிறான். கழிவறைக்குப் போய் வந்ததும் வயிறும் காலி, பாடமும் காலி. விடையைத் தானே எழுதும் கணினிப் பென்சிலின் கதை இன்னும் கூர்மை. மனச்சாட்சி உறுத்தி நோபிதா அதைத் தொடாமல் விட, ஜியான் தூக்கிக்கொண்டு போய் நூற்றுக்கு நூறு வாங்குகிறான். வீட்டில் பாராட்டுக்குப் பதில் அடிதான் கிடைக்கிறது. இவன் மண்டைக்கு நூறு வராது, ஏதோ தில்லுமுல்லு என்று அப்பா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுகிறார். ஆசிரியர் கண்ணுக்குத் தப்பியது அப்பாவிடம் மாட்டிக்கொள்ளும் இடம் இந்தத் தொடரிலேயே நுட்பமானவற்றில் ஒன்று.

சென்செய் வெறும் உறுமல் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பூஜ்யத் தாளோடு நிற்கும் நோபிதாவிடம், கண்கள் முகத்தின் முன்பக்கம் இருப்பது முன்னோக்கிப் போவதற்காகத்தான், திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்காதே என்கிற பொருளில் அவர் பேசும் ஓர் இடம் உண்டு. ஜப்பானிய வாசகர்கள் இன்றும் எடுத்துச் சொல்கிற வசனம் அது. இவ்வளவு பூஜ்யம் வாங்கியும் நோபிதா வகுப்பில் தேங்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கட்டாயக் கல்விக் காலத்தில் வயதைப் பார்த்துத்தான் மேல்வகுப்பு. மதிப்பெண் குறைந்ததற்காக நிறுத்தி வைப்பது நடைமுறையில் இல்லை. ஆகவே பூஜ்யத்தின் விளைவு 'பெயில்' இல்லை, அம்மா. தாளை அவன் அறைக்குள் ஒளித்து வைப்பதும் அம்மா அதைக் கண்டெடுப்பதும்தான் பரீட்சையின் உண்மையான முடிவு.

அம்மாவுக்குத் தகவல் போகும் இன்னொரு வழி வீட்டு வருகை. புதுக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் வகுப்பாசிரியர் தன் மாணவர்களின் வீடுகளுக்கு முறை வைத்துப் போவார். ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து நிமிடம். ஒரே மாலையில் பல வீடுகள். தேநீர் வேண்டாம் என்று பள்ளி முன்கூட்டியே எழுதி அனுப்பினாலும் அம்மாக்கள் எடுத்து வைத்துவிடுவார்கள். சென்செய் வருகிறார் என்றதும் நோபிதாவின் வீடு அல்லோலகல்லோலப்படுவது இதனால்தான். திடீர்ச் சோதனைக்கு அவர் கிளம்பி வரவில்லை, வழக்கமான முறைக்கு வந்திருக்கிறார். இப்போது பல பள்ளிகள் இதை வாசலோடு முடித்துக்கொள்கின்றன, அல்லது பெற்றோரைப் பள்ளிக்கு வரச் சொல்லிவிடுகின்றன. அப்படியும் திரையில் இந்த வருகை ஓயவில்லை.

மொழிமாற்றத்தில் பார்க்கும்போது அதிகம் புரியாமல் போவது கோடை விடுமுறைக் கதைகள். நமக்குக் கோடை விடுமுறை என்றால் ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடைப்பட்ட காலம். பழைய டீச்சரும் இல்லை, புது டீச்சரும் இல்லை, வீட்டுப்பாடம் கொடுக்க ஆளே இல்லை. ஜப்பானில் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஜூலை இருபது வாக்கில் தொடங்கும் கோடை விடுமுறை முதல் பருவத்துக்கும் இரண்டாம் பருவத்துக்கும் நடுவே, ஏறத்தாழ நாற்பது நாள். செப்டம்பரில் அதே வகுப்பு, அதே சென்செய். ஆகவே வேலை குவியும்: பயிற்சி நூல், படத்தோடு கூடிய நாட்குறிப்பு, புத்தகம் படித்து எழுதும் கட்டுரை, சொந்தமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் ஆய்வு. பயிற்சி நூலைக் கடைசி இரவில் எழுதித் தள்ளலாம். நாட்குறிப்பில்தான் சிக்கல். தினமும் அன்றைய வானிலையைக் குறிக்கச் சொல்வார்கள். ஆகஸ்ட் 31 இரவில் உட்கார்ந்துகொண்டு ஜூலை 27 அன்று மழையா வெயிலா என்று யாரைக் கேட்பது? டோரேமானின் கால எந்திரம் இவனுக்கு ஏன் தேவைப்படுகிறது என்பது இப்போது விளங்கும்.

பழைய தொடரைப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சின்னக் குறிப்பு: சனிக்கிழமையும் பிள்ளைகள் பையோடு போவார்கள். சனி அரைநாள் பள்ளி 1992இலிருந்து படிப்படியாகக் குறைந்து, 2002இல்தான் முழுதாக நின்றது. முதுகில் தொங்கும் அந்தக் கெட்டியான தோல்பைக்கு ரந்தோசெரு என்று பெயர். வெறும் பையே ஒரு கிலோவுக்கு மேல் எடை. முதல் வகுப்பில் வாங்கினால் ஆறாம் வகுப்பு வரை அதேதான். பையன்களுக்குக் கறுப்பு, பெண்களுக்குச் சிவப்பு என்பது நீண்ட கால வழக்கம். இப்போது எல்லா நிறத்திலும் உண்டு.

நிஞ்ஜா ஹட்டோரி தொடரில் கெனிச்சி என்ற பையனின் ஆசிரியர் கோய்கேவை மறக்க முடியாது. சுருட்டைத் தலை, கண்ணாடி, எப்போதும் ராமென் நூடுல்ஸ் கிண்ணம். இவர் ஆசிரியராக வருவதற்கு முன்பே வேறு கதைகளில் அண்டை வீட்டுக்காரராக அதே கிண்ணத்தோடு நின்றவர். புஜிகோ புஜியோ என்ற பெயரில் சேர்ந்து வரைந்த இருவரும் தங்கள் நண்பரான அனிமேஷன் கலைஞர் சுசுகி ஷின்இச்சியின் முகத்தை அப்படியே எடுத்து வைத்தார்கள். இவரிடம் கண்டிப்பு எடுபடாததற்கு அந்தக் கிண்ணமே போதும்.

ஐந்து வயதுப் பையன் ஷின்-சானின் தொடருக்கு வந்தால் காற்றே மாறுகிறது. 1990இல் அந்தச் சித்திரக்கதை தொடங்கியது பெரியவர்களுக்கான ஒரு வாரப் பத்திரிகையில். அலுவலகம் போய்வரும் ரயிலில் படிக்கிற ஆட்கள்தான் முதல் வாசகர்கள். அனிமேஷன் 1992இல் வந்து குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் கதையின் கண் மாறவில்லை. இங்கே மழலையர் பள்ளியை நாம் பார்ப்பது ஆசிரியைகள் பக்கத்திலிருந்து.

பள்ளியின் பெயர் புதாபா. விதை முளைக்கும்போது முதலில் விரியும் இரட்டை இலை என்று பொருள். பத்திரிகையை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் புதாபாஷா என்பது உள்குத்து. வகுப்புகளுக்கு எண் கிடையாது, பூப்பெயர்: ஷின்-சானின் வகுப்பு ஹிமாவாரி, அதாவது சூரியகாந்தி (பிற்பாடு பிறக்கும் தங்கைக்கும் அதே பெயர்தான்), பக்கத்தில் ரோஜா வகுப்பு, அதற்கடுத்து செர்ரிப்பூ வகுப்பு. சூரியகாந்திக்கு ஆசிரியை யோஷினாகா மிடோரி, ரோஜாவுக்கு மட்சுசகா உமே. ஒரே வேலை, ஒரே வயதுப் பக்கம், அடுத்தடுத்த அறை. இருவருக்கும் ஏழாம் பொருத்தம். விளையாட்டு விழாவில் கூடையில் பந்து போடும் போட்டியில் எந்த வகுப்பு ஜெயிக்கிறது என்பது பிள்ளைகளைவிட இவர்களுக்குத்தான் முக்கியம்.

மட்சுசகா வெளியே கிளம்பினால் விலையுயர்ந்த கைப்பை, மிடுக்கான உடை. குடியிருப்பதோ வாடகை குறைந்த பழைய கட்டடத்தில் ஒரு சின்ன அறை. டோரேமானின் சென்செய்க்கு வீடு எப்படியிருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. இங்கே ஆசிரியையின் மாதக் கடைசி என்னவென்று நமக்குத் தெரியும். யோஷினாகாவுக்குத் தொடரின் போக்கில் கல்யாணமே நடந்துவிடுகிறது. ஐந்து வயதுக் குழந்தை தன் டீச்சரைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கூடாத எல்லாம் ஷின்-சானுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கே சொல்லக் கூடாதோ அங்கே சொல்லியும் விடுகிறான். நகைச்சுவை முழுக்க அந்த இடத்தில்தான். பின்னால் சேர்ந்த அகேயோ மசுமி வேறு ரகம். பேசவே தயங்கும் பயந்த சுபாவம், கண்ணாடியைக் கழற்றிவிட்டால் ஆளே வேறு.

முதல்வர் தககுராவுக்குக் கறுப்புக் கண்ணாடி, கோடு விழுந்த முகம். அச்சு அசல் ரவுடிக் கும்பலின் தலைவர். பிள்ளைகள் அவரைக் 'கும்பல் தலைவரே' என்கிற பொருள்வரும் 'குமிச்சோ' என்ற சொல்லால் கூப்பிட, முதல்வர் என்று பொருள்படும் 'என்ச்சோ' என்று ஒவ்வொரு முறையும் அவர் திருத்துகிறார். இரண்டு சொல்லும் 'ச்சோ'வில் முடிவதால்தான் அந்த நகைச்சுவை நிற்கிறது. மொழிபெயர்த்தால் ஒலி போய் முகம் மட்டும் மிஞ்சும். உண்மையில் அவ்வளவு பேரிலும் மென்மையானவர் அவர்தான்.

இங்கே பேருந்தும் உண்டு. ஷின்-சான் கழிவறையில் உட்கார்ந்திருக்க அது போய்விடும், அம்மா மிசாயே அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மூச்சிரைக்க மிதிப்பாள். மழலையர் பள்ளி கட்டாயக் கல்வி இல்லை. எல்லைப் பள்ளி என்ற ஏற்பாடும் இதற்குப் பொருந்தாது. பெற்றோர் தேடிச் சேர்ப்பதால் தனியார் பள்ளிகள் வண்டி விட்டுப் பிள்ளைகளைப் பிடிக்கின்றன. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம்தான் அடிப்படை அளவு. விட்டு வந்து வீட்டைப் பெருக்கி நிமிர்வதற்குள் பையன் திரும்பிவிடுவான் என்று மிசாயே புலம்புவதில் மிகை எதுவும் இல்லை. பெரும்பாலான நாள் வீட்டிலிருந்தே பென்தோ என்கிற மதிய உணவு டப்பா கட்டித் தரவும் வேண்டும். ஆரம்பப் பள்ளியில் அந்தத் தொல்லை குறைவு: 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த பள்ளி உணவு உண்டு, வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு பிள்ளைகளே பரிமாறுவார்கள்.

மூன்றாவது ரகம், சிபி மாருகோ-சான். பெண் குழந்தைகளுக்கான மாதப் பத்திரிகையில் 1986இல் தொடங்கி, 1990இல் தொலைக்காட்சிக்கு வந்தது. எழுதியவர் தன் எழுபதுகளின் ஷிமிசு நகரக் குழந்தைப் பருவத்தையே கதையாக்கினார். மாருகோ மூன்றாம் வகுப்பு, நான்காம் பிரிவு. அவளுடைய தொகாவா சென்செய் வராண்டாவுக்கு அனுப்புவதில்லை, யார் மேலும் பாய்வதில்லை. பிள்ளைகளிடமும் பெரியவர்களிடம் பேசுகிற மரியாதை நடையிலேயே பேசுவார். வளர்ந்த ஒருத்தி திரும்பிப் பார்க்கையில் ஞாபகத்தில் எஞ்சும் ஆசிரியர் அவர். அவரைச் சுற்றி நடப்பதுதான் கதை: வகுப்புத் தலைவர் தேர்தல், குடை மறந்த நாள், பள்ளி ஆண்டின் கடைசி நாளில் மேசைக்குள் இருந்ததை எல்லாம் ஒரே நடையில் சுமந்துகொண்டு வீட்டுக்குத் தள்ளாடுவது.

மொழிமாற்றம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் பிடிபடாமல் நழுவும் ஒன்றைச் சொல்லி முடிக்கலாம். நோபிதாவின் விடைத்தாளில் மதிப்பெண்ணுக்கு முன்பே தவறான ஒரு இடம் உண்டு, பெயர் எழுதும் கட்டம். அவன் பெயரின் கடைசி எழுத்தான 'தா'வுக்கு, பெரிது என்று பொருள்படும் மூன்று கோட்டு எழுத்தை எழுதி, விரிந்த இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு புள்ளி வைக்க வேண்டும். அதே புள்ளியைத் தூக்கி வலது தோளுக்கு மேல் வைத்துவிட்டால் அந்த எழுத்து நாய். நோபிதா ஒருமுறை தோளுக்கு மேல்தான் வைத்திருக்கிறான்.